ரோம்ல கரவாஜ்ஜோ படங்கள் பாக்க ஒரு காலை நேர கைடு டூர்: எங்க அனுபவமும் என் ரேட்டிங்கும்

"காசு இப்ப போடாதீங்க, கண்ணு இருட்டுக்குப் பழகட்டும், அப்புறம் போடலாம்"னு எங்க கைடு சொன்னாங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த டூருக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன். அஞ்சாவது ஸ்டார் எங்க போச்சுன்னு கீழ சொல்றேன்.

முதல்ல விவரம். நானூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த இத்தாலி ஓவியர் கரவாஜ்ஜோ வரைஞ்ச படங்கள்ல ஆறு இன்னைக்கும் ரோம்ல மூணு கோயில்ல, எந்தச் சுவருக்காக வரைஞ்சாரோ அதே சுவர்ல தான் தொங்குது. மியூசியம் இல்ல, டிக்கெட் இல்ல, கதவு தொறந்திருந்தா யாரும் உள்ள போய்ப் பாக்கலாம். இந்த டூர்காரங்க மூணையும் ஒரே காலையில நடத்தியே கூட்டிட்டுப் போறாங்க, மூணு மணி நேரம், தலைக்கு 55 யூரோ, எல்லாம் இங்கிலீஷ்ல. சும்மா பாக்கக் கிடைக்கற படத்துக்கு எதுக்கு 55 யூரோன்னு ரெண்டு நாள் யோசிச்சு தான் புக் பண்ணேன், ரெண்டு பேருக்கு 110 யூரோன்னா நம்ம காசுல சின்னத் தொகை கிடையாது.

கூட வந்தது எங்க அம்மா, வயசு 67. எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, பனிமய மாதா கோயில் மணிச்சத்தம் கேக்கற தூரத்துல தான் அம்மா பொறந்து வளர்ந்ததெல்லாம். அதனால ரோம்ல இறங்கின மறுநாள் காலையிலேயே மரியா மஜ்ஜோரே கோயிலுக்குத் தான் முதல்ல போனோம், பனிமய மாதாங்கற பேருக்கே மூலம் அந்தக் கோயில் தானே, ரெண்டு எடத்துலயும் திருநாள் ஆகஸ்ட் 5. அதுக்கு அடுத்த நாள் இந்த டூர். அம்மா ஓவியம் படிச்சவங்க கிடையாது, ஆனா புனிதர்கள் கதை அத்தனையும் மனப்பாடம், யார் கையில சாவி, யார் கையில வாள், யார் காலடியில சிங்கம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. இந்த டூர்ல பாதி விஷயம் எனக்குப் புரிஞ்சது கைடு சொல்லி, மீதி அம்மா சொல்லி.

காலையில எட்டே முக்காலுக்கு போபோலோ சதுக்கத்துல, நடுவுல நிக்கற அந்த உசரமான கல்தூண் கிட்ட வரச் சொல்லியிருந்தாங்க. கைடு ஒரு அம்பது வயசு அம்மா, பழைய ஓவியங்களைச் சரி பண்ற வேலை கொஞ்ச காலம் பாத்தவங்களாம், கையில ஒரு சின்ன துணிப்பை. சதுக்கத்து ஓரத்துல இருக்கற முதல் கோயில், சான்தா மரியா தெல் போபோலோ, அதோட படிக்கட்டுல நிக்க வச்சே பின்னணியைச் சொல்லி முடிச்சிட்டாங்க, பத்து நிமிஷத்துக்கு மேல இழுக்கல, அது எனக்குப் பிடிச்சது. 1563ல கத்தோலிக்க ஆயர்கள் கூடின திரெந்து பொதுச்சங்கத்துல, கோயில்ல இருக்கற படங்கள் படிப்பறிவு இல்லாதவங்களுக்கும் விசுவாசத்தைச் சொல்லிக் குடுக்கணும், பாக்கறவன் மனசைத் தொடணும், குழப்பற மாதிரி எதுவும் இருக்கக் கூடாதுன்னு முடிவெடுத்தாங்களாம். கத்தோலிக்க சபையை விட்டுப் பிரிஞ்ச புரோட்டஸ்டண்ட் பக்கத்துல பலர் படத்தையும் சுரூபத்தையும் சந்தேகமாப் பாத்துட்டு இருந்த காலம் அது, சில ஊர்ல உடைச்சே போட்டாங்க, அதுக்குக் கத்தோலிக்கர் பக்கத்து பதில் தான் நாம பரோக்னு சொல்ற இந்த ஓவியமெல்லாம். கரவாஜ்ஜோ அந்த முடிவு வந்து எட்டு வருஷம் கழிச்சு, 1571ல மிலான்ல பொறந்தவர், 1610ல செத்துட்டார், 38 வயசு தான்.

உள்ள போனதும் நேரா பெரிய பீடத்துக்கு இடது பக்கம் இருக்கற செராசி சிற்றாலயத்துக்குக் கூட்டிட்டுப் போய் நிக்க வச்சாங்க. சின்ன எடம், பீடத்துல ஒரு படம், ரெண்டு பக்கச் சுவர்ல ஒவ்வொரு படம். பக்கத்துல சுவர்ல ஒரு இரும்புப் பெட்டி, காசு போட்டா லைட் எரியும், கொஞ்ச நேரத்துல டக்குனு அணைஞ்சிடும். எங்க குரூப்ல ஒருத்தர் உடனே காசை எடுத்தார், அப்பத் தான் கைடு அந்த வார்த்தையைச் சொன்னாங்க.

அந்த இருட்டுல முதல்ல கண்ணுல பட்டது நடுப்பீடத்துல இருக்கற மாதா மட்டும் தான். அது கரவாஜ்ஜோ வரைஞ்சது கிடையாது, அன்னிபாலே கராச்சின்னு அதே காலத்து ஆள் வரைஞ்ச மோட்சாரோபண மாதா, கல்லறையில இருந்து ரெண்டு கையையும் விரிச்சு மேல எழும்பறாங்க, செவப்பு உடுப்பு, நீலப் போர்வை, ரெண்டும் பளிச்னு, விளக்கே இல்லாம தெரியுது. பக்கத்துச் சுவர்ல ஒண்ணுமே இல்ல, கருப்பு. ஒரு நிமிஷம் ஆச்சு, வலது பக்கம் ஏதோ வெளுப்பா மொத்தமா ஒரு உடம்பு, பாத்தா குதிரை விலா. அப்புறம் அதோட காலுக்கு நடுவுல ரெண்டு கை மேல நீட்டிட்டு நிக்கறது. கையோட சொந்தக்காரர் முகம் கடைசில தான் தெரிஞ்சது. அம்மா என் கையைப் பிடிச்சாங்க, "ஏட்டி, சின்னப்பர்லா கீழ கெடக்காவ"ன்னாங்க. சின்னப்பர்னா பவுல், கிறிஸ்தவங்களைப் பிடிக்கப் போற வழியில வானத்து வெளிச்சம் பட்டுக் கீழ விழுந்து மனசு மாறினவர். கைடு அப்பத் தான் காசு போட்டாங்க.

இந்த வரிசை முக்கியம்ங்க. நேரா லைட்டைப் போட்டிருந்தா மூணு படமும் ஒரே நேரத்துல வந்து விழுந்திருக்கும், நாங்களும் மூணு போட்டோ எடுத்துட்டுத் திரும்பியிருப்போம். இருட்டுல நின்னதால ஒரு விஷயம் உடம்புலயே ஏறுச்சு, கராச்சி நிறத்தால பேசறார், கரவாஜ்ஜோ வெளிச்சத்தால பேசறார். கராச்சி மாதாவை அடையாளம் காட்டறது அந்த நீலமும் செவப்பும். கரவாஜ்ஜோவோட சின்னப்பருக்கு அடியில ஒரு செவப்புத் துணி விரிஞ்சு கெடக்கு, வாளும் தலைக்கவசமும் பக்கத்துல கெடக்கு, ஆனா அதையெல்லாம் நீங்க அப்புறமாத் தான் பாப்பீங்க, முதல்ல பாக்கறது மேல இருந்து அடிக்கற வெளிச்சம் குதிரை முதுகுல பட்டு வழிஞ்சு அவர் நெஞ்சுல வந்து நிக்கறதைத் தான்.

இதுல கைடு சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளைக்கு மறக்காது. செராசிங்கறவர் போப்போட பொருளாளர், 1600 செப்டம்பர்ல கரவாஜ்ஜோ கிட்ட ஒப்பந்தம் போட்டார், அதுல சைப்ரஸ் மரப்பலகை மேல வரையணும்னு இருந்துச்சு. அப்படிப் பலகை மேல வரைஞ்ச சின்னப்பர் படம் ஒண்ணு இன்னைக்கும் ரோம்ல ஒரு பழைய குடும்பத்துச் சொத்தா இருக்கு. அந்தப் பலகையில ஆண்டவர் வானத்துல இருந்து கையை நீட்டறார், அவரை ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், தாங்கிப் பிடிக்குது, கீழ சின்னப்பர் முகத்தை மூடிட்டுக் கத்தற மாதிரி கெடக்கார், ஒரே கூட்டம். அதுக்கப்புறம் துணி மேல வரைஞ்சது தான் இப்ப சுவர்ல இருக்கறது. இதுல ஆண்டவர் இல்ல, சம்மனசு இல்ல, கூட்டமும் இல்ல. ஒரு குதிரை, அதைப் பிடிச்சுட்டு நிக்கற ஒரு கிழவர், கீழ இவர், அவ்வளவு தான், ஆண்டவர் நிக்க வேண்டிய எடத்துல வெளிச்சம் மட்டும் இருக்கு. அந்தக் கிழவருக்கு நடக்கறது ஒண்ணும் தெரியல, குதிரை கால் கீழ கெடக்கறவர் மேல பட்டுடக் கூடாதுன்னு பாத்துட்டு நிக்கார். கைடு பேசிட்டு இருக்கும் போதே அம்மா குறுக்க, "கண்ணத் தொறக்கல பாத்தியா, மூணு நாளு கண்ணு தெரியாமலாக்கும் கெடந்தாவ"ன்னாங்க. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கைடு அதைக் கேட்டு அப்படியே குரூப் பக்கம் திரும்பி, இந்தம்மா சொன்னது தான் படத்தோட மையம், வெளிச்சம் வெளிய இருந்து வருது ஆனா அவர் மூடின கண்ணுக்குள்ள தான் பாக்கறார்னு விளக்கினாங்க.

எதிர்ச் சுவர்ல ராயப்பரை, அதாவது பேதுருவை, தலைகீழாச் சிலுவையில தூக்கற படம். அம்மா அவர் கையில வழக்கமா இருக்கற சாவியைத் தேடினாங்க, இல்ல. மூணு பேர் சேர்ந்து தூக்கறாங்க, ஒருத்தர் முகமும் சரியாத் தெரியாது, அடியில குனிஞ்சு முதுகைக் குடுத்துத் தூக்கறவனோட அழுக்குப் பாதம் நம்ம முகத்துக்கு நேரா. மூட்டை தூக்கறவங்க வேலை செய்யற மாதிரி தான் இருக்கு, கோபமும் இல்ல குரூரமும் இல்ல, பாரம் மட்டும் இருக்கு. ராயப்பர் ஆணி அடிச்ச தன் கைப் பக்கம் தலையைத் தூக்கிப் பாக்கறார். முன்னாடி கீழ ஒரு கல் கெடக்கு. ராயப்பர் பேருக்கே பாறைன்னு அர்த்தம், சாவிக்குப் பதிலா இந்தக் கல் தான்னு சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்களாம். எனக்கு அது சரின்னு தான் படுது, அவ்வளவு வெளிச்சத்தை ஒரு சாதாரணக் கல்லு மேல சும்மா யாரும் விட மாட்டாங்க.

வெளிய வந்து வெயில்ல நிக்கும் போது கைடு அந்தத் துணிப்பையைத் தொறந்தாங்க, இந்த டூரோட பெஸ்ட் அஞ்சு நிமிஷம் அது தான். உள்ளங்கை அளவுல ரெண்டு கேன்வாஸ் துண்டு, ஒண்ணுல வெள்ளை அடிச்சிருக்கு, இன்னொண்ணுல சுக்குக் காப்பி நிறத்துல அடர் பிரவுன். ரெண்டுலயும் ஒரே செவப்பை ஒரு இழுப்பு இழுத்திருந்தாங்க. வெள்ளை மேல இருந்த செவப்பு ரோஜா மாதிரி, பிரவுன் மேல இருந்தது ஆறிப்போன ரத்தம் மாதிரி. கரவாஜ்ஜோ துணிக்கு முதல்லயே இந்தப் பிரவுனை அடிச்சிட்டு, நிழலுக்குப் பல எடத்துல அதையே அப்படியே விட்டுட்டு, வெளிச்சம் விழற எடத்துல மட்டும் வண்ணத்தை ஏத்துவாராம். அதாவது இருட்டுங்கறது அப்புறமாப் பூசினது கிடையாது, இருட்டு தான் முதல்ல இருக்கு, அதுல இருந்து ஒரு கை, ஒரு தோள், ஒரு காலுன்னு வெளிய எடுக்கறார். அந்த பிரவுன் துண்டு ஓரத்துல வெள்ளையை விரல் நுனியால ஒரு பொட்டு வச்சுக் காட்டினாங்க, அந்தப் பொட்டு எரியுது, நெஜமா எரியற மாதிரி இருந்துச்சு.

அப்புறம் பையில இருந்து ஒரு நீலக்கல், புளியங்கொட்டை சைஸ், அங்கங்க தங்கப் பொடி தூவின மாதிரி. லாபிஸ் லாசுலி. ஆப்கானிஸ்தான்ல பதக்‌ஷான் மலையில இருந்து வெட்டி எடுத்து, வெனிஸ் வழியா வந்து, அரைச்சுக் கழுவிக் கழுவி எடுக்கற நீலம் தான் மாதா போர்வைக்கு. அவ்வளவு விலைங்கறதால தான் மாதாவுக்குன்னு ஒதுக்கினாங்க, ஒப்பந்தத்துலயே எவ்வளவு நல்ல நீலம் போடணும்னு எழுதி வாங்குவாங்களாம். நம்ம வீட்டு மாதா சுரூபத்துக்கும் நீலம் தான், சின்ன வயசுல இருந்து பாக்கறேன், அந்த நிறத்துக்குப் பின்னாடி ஒரு விலை இருக்குன்னு இப்பத் தான் தெரியும். கரவாஜ்ஜோவுக்கு இந்தப் பளிச் நீலமும் பளிச் செவப்பும் ஆகாது, போட்டாலும் அடக்கித் தான் போடுவார், அதுங்க நிறங்களோட விஷம்னு சொல்லுவார்னு அவர் வாழ்க்கையை எழுதின பெல்லோரிங்கறவர் 1672ல எழுதி வச்சிருக்கார். கராச்சி படத்தைப் பாத்துட்டு வந்து இதைக் கேக்கும் போது நல்லா ஏறுது. அம்மா அந்தக் கல்லை ரொம்ப நேரம் கையில வச்சிருந்தாங்க.

அங்க இருந்து சான்த் அகொஸ்தீனோ கோயிலுக்கு இருபது நிமிஷ நடை, ரிப்பெத்தா தெரு வழியா. முட்டி வலி இருக்கறவங்களுக்கு இந்த ரோம் கல் பாவின ரோடு கஷ்டம், அம்மாவுக்காக கைடு ரெண்டு எடத்துல நிறுத்தினாங்க, அதுக்கு நன்றி.

சான்த் அகொஸ்தீனோல உள்ள நுழைஞ்சதும் கதவு பக்கத்துலயே சான்சொவினோ செதுக்கின பெரிய மாதா சுரூபம், பிள்ளைப்பேறு மாதா, சுத்தி மெழுகுதிரியும் பொறந்த குழந்தைகளுக்காகக் கட்டின நீல, ரோஸ் ரிப்பனும். அம்மா அங்க முழங்கால் போட்டாங்க, என் தங்கச்சிக்கு அடுத்த மாசம் டெலிவரி. குரூப் காத்துட்டு நின்னுச்சு, யாரும் முகம் சுளிக்கல.

இடது பக்கம் முதல் பீடத்துல தான் லொரேத்தோ மாதா படம். 1604ல இருந்து 1606க்குள்ள வரைஞ்சது. லொரேத்தோங்கறது நாசரேத்துல மாதா இருந்த வீட்டைச் சம்மனசுகள் தூக்கிட்டு வந்து வச்சதா நம்பற ஊர், அதனால லொரேத்தோ மாதான்னா வழக்கமா பறக்கற வீடு, மேல மாதா, சுத்திச் சம்மனசு, இப்படித் தான் வரைவாங்க. இங்க பறக்கறது ஒண்ணும் கிடையாது. ஒரு வீட்டு வாசல், நிலைக்கல், பக்கத்துல காரை பேந்து செங்கல் தெரியற சுவர். பக்கத்து வீட்டுப் பொம்பள யாரோ கதவைத் தட்டினாங்கன்னு பிள்ளையை இடுப்புல வச்சுட்டு வந்து நிக்கற மாதிரி மாதா நிக்கறாங்க, வெறுங்காலோட. தலைக்கு மேல முடி அளவுக்கு மெல்லிசா ஒரு ஒளிவட்டம், பீடத்துல இருந்து நாலு அடி தள்ளி நின்னா அது கண்ணுக்கே தெரியாது. கீழ ரெண்டு யாத்ரீகர் முழங்கால்ல, ஒரு ஆம்பள, ஒரு வயசான அம்மா, ஆம்பளையோட ரெண்டு பாதமும் நம்மளைப் பாத்துத் திரும்பியிருக்கு, வீங்கி, மண்ணு ஒட்டி.

படம் பீடத்து மேல இருக்கறதால அந்தப் பாதம் சரியா நம்ம கண்ணு உயரத்துக்கு வருது. வெளிச்சம் இடது பக்கம் இருந்து வந்து மாதா கழுத்துலயும் பிள்ளை தொடையிலயும் பட்டு, அப்படியே இறங்கி இந்த அழுக்குப் பாதத்துலயும் அதே அளவுக்குப் படுது, மாதாவுக்கு ஒரு வெளிச்சம் இவங்களுக்கு ஒரு வெளிச்சம்னு பிரிக்கவே இல்ல. இந்தப் படம் வந்தப்ப அந்த அழுக்குக் காலையும் அந்தக் கிழவியோட கிழிஞ்ச அழுக்குத் தொப்பியையும் பாத்துட்டு ஜனங்க பெரிய கூச்சல் போட்டாங்கன்னு அதே காலத்து ஓவியர் பாலியோனே எழுதியிருக்கார். கோபத்துல கத்தினாங்களா சந்தோஷத்துல கத்தினாங்களான்னு இன்னைக்கும் வாதம் பண்றாங்களாம்.

அம்மா பேசவே இல்ல. எங்க அம்மா மூணு வருஷம் தொடர்ந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போனவங்க, நேர்ச்சைக்காக, செருப்பில்லாம, எனக்கு டைபாய்டு வந்து பொழைச்சதுக்கு. திரும்பி வந்ததும் வாசப்படியில உக்காந்து வெந்நீர்ல காலை வைப்பாங்க, பித்தவெடிப்புக்குள்ள தார் ரோட்டுக் கருப்பு இறங்கியிருக்கும், நான் தான் பிரஷ் வச்சுத் தேய்ப்பேன், போகாது. அந்தப் படத்துல அந்த ஆள் குதிகால் அப்படியே அது தான். லைட் டக்குனு அணைஞ்சுது. அம்மா பையைத் தொறந்து அவங்களே காசு போட்டாங்க. மறுபடி அணைஞ்சுது, மறுபடி போட்டாங்க. மூணாவது தடவைக்கு எங்க குரூப்ல ஒரு ஜெர்மன் அம்மா தன் காசைக் குடுத்தாங்க.

அங்க இருந்து ரெண்டு நிமிஷத்துல சான் லுயீஜி தெய் பிரான்சேசி, ரோம்ல இருக்கற பிரெஞ்சுக்காரங்க கோயில். இங்க தான் கூட்டம், இடது பக்கம் அஞ்சாவது சிற்றாலயம், கொன்தரெல்லி. சுவிசேஷம் எழுதின புனித மத்தேயு பத்தி மூணு படம். கொன்தரெல்லிங்கறவர் பிரெஞ்சு கர்தினால், அவருக்கும் பேரு மத்தேயு, அதனால தன் பேர்கொண்ட புனிதரை வரையச் சொல்லி ஏற்பாடு பண்ணார், ஆனா 1585லயே இறந்துட்டார், படம் வந்தது பதினஞ்சு வருஷம் கழிச்சு.

இடது சுவர்ல ஆண்டவர் மத்தேயுவைக் கூப்பிடற படம். 1599, 1600ல வரைஞ்சது, மூணு மீட்டருக்கும் மேல உயரம். மத்தேயு அப்ப ஆயக்காரர், அதாவது வரி வசூலிக்கறவர், அவரோட மேசை, காசு எண்ணிட்டு அஞ்சு பேர், அந்தக் காலத்து ரோம் இளவட்டங்க மாதிரி இறகு வச்ச தொப்பி, பட்டுக் கை, ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியைப் பிடிச்சுக் காசைப் பாக்கறார். வலது ஓரத்துல ஆண்டவரும் ராயப்பரும், இவங்க மட்டும் பழைய காலத்து அங்கியில, வெறுங்கால்ல. ஆண்டவர் முகம் பாதி நிழல்ல, கை மட்டும் நீளுது, அந்தக் கைக்கு மேல சுவர்ல ஒரு சாய்வான வெளிச்சம் அவர் கூடவே உள்ள வருது. அந்தக் கை மிக்கேல் ஆஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயத்துல வரைஞ்ச ஆதாமோட கை, தளர்ந்து தொங்கற அதே விரல். முந்தின ஆதாமுக்குப் பதிலா வந்த புது ஆதாம் ஆண்டவர்னு சின்னப்பர் நிருபத்துல வருது, அது தான் இங்க கையா இருக்குன்னு கைடு சொன்னாங்க.

இப்ப பாருங்க, படத்துக்குள்ள ஒரு ஜன்னல் இருக்கு, பெரிசா, நடுவுல, மேல. அதுல இருந்து ஒரு பொட்டு வெளிச்சம் வரல, மங்கின தாள் ஒட்டின மாதிரி இருக்கு. வெளிச்சம் வலது பக்கம் இருந்து வருது. கைடு எங்களைத் திரும்பச் சொன்னாங்க. வலது பக்கம் பீடம், பீடத்துக்கு மேல நெஜ ஜன்னல். எதிர்ச் சுவர்ல மத்தேயு வேதசாட்சியாச் சாகற படம், அதுல வெளிச்சம் இடது பக்கம் இருந்து, அதாவது மறுபடி அதே ஜன்னல் பக்கம் இருந்து. கோயில் ஜன்னலும் படத்து வெளிச்சமும் ஒண்ணு! புஸ்தகத்துல, போன்ல எத்தனை தடவை பாத்தாலும் இது தெரியாது, ஏன்னா அங்க படத்துக்கு வலது பக்கம் ஒண்ணும் இல்ல, பேப்பர் முடிஞ்சிடும். நான் இந்தப் படத்தைப் போன்ல வால்பேப்பரா ஒரு வருஷம் வச்சிருந்தேன், அந்த வெளிச்சம் எங்க இருந்து வருதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அங்க நின்னா நீங்களும் அந்த அறைக்குள்ள தான் நிக்கறீங்க, அதே ஜன்னல் வெளிச்சம் உங்க தோள்லயும் விழுது.

இதுல யாரு மத்தேயுங்கறதுல ஒரு சண்டை இருக்கு. நடுவுல தாடிக்காரர் விரலை நீட்டறார், "நானா?"ன்னு தன்னைக் காட்டறாரா, இல்ல ஓரத்துல தலையைக் குனிஞ்சு காசையே பாத்துட்டு இருக்கற பையனைக் காட்டறாரான்னு. குரூப்ல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எனக்கு அந்தக் குனிஞ்ச பையன் தான்னு தோணுது, வெளிச்சம் வந்துடுச்சு, அவன் இன்னும் நிமிரல. அம்மா தாடிக்காரர் பக்கம்.

எதிர்ல வேதசாட்சி படத்துல அம்மா உடனே மேல காட்டினாங்க, மேகத்துல இருந்து ஒரு சம்மனசு குனிஞ்சு குருத்தோலையை நீட்டுது. வேதசாட்சிக்குக் குருத்தோலை, இது நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா படத்துல மத்தேயு கை எங்க இருக்குன்னு பாருங்க, கொல்ல வந்தவன் அந்தக் கையைப் பிடிச்சிருக்கான், அதே விரிஞ்ச கைக்குப் பக்கத்துல தான் ஓலை வந்து நிக்குது. பின்னாடி இருட்டுல ஒரு முகம் திரும்பிப் பாத்துட்டுப் போகுது, அது கரவாஜ்ஜோவே. நடுப்படம் 1602, மத்தேயு சுவிசேஷம் எழுதறது, சம்மனசு விரல் விட்டு எண்ணிச் சொல்லுது, அவர் முழங்கால் வச்சிருக்கற முக்காலியோட ஒரு கால் சட்டத்தைத் தாண்டி நம்ம பக்கம் தொங்குது, இப்ப விழுமோன்னு இருக்கு. இதுக்கு முன்னாடி ஒண்ணு வரைஞ்சு குடுத்து வேண்டாம்னுட்டாங்க, அதுல மத்தேயு காலு மேல காலு போட்ட பாமர ஆள் மாதிரி இருந்தார், அந்தப் படம் பெர்லினுக்குப் போய் 1945ல அழிஞ்சே போச்சு, கருப்பு வெள்ளை போட்டோ மட்டும் மிச்சம்.

இது வரைக்கும் அஞ்சு ஸ்டார். இனிமே குறை. வெப்சைட்ல பத்துப் பேருக்கு மேல கூட்டிட்டுப் போக மாட்டோம்னு போட்டிருந்தாங்க, நாங்க பதினஞ்சு பேர் இருந்தோம், செராசி மாதிரி சின்ன எடத்துல பின்னாடி நின்ன அஞ்சு பேருக்குப் பாதி படம் தான் தெரிஞ்சிருக்கும். காதுல மாட்டக் குடுத்த கருவி அம்மாவோடது பாதி வழியில கரகரன்னு ஆகி நின்னு போச்சு, மாத்து இல்லன்னுட்டாங்க. எல்லாத்துக்கும் மேல, கடைசி இருபது நிமிஷம் ஒரு பிரிண்ட் விக்கற கடைக்குள்ள கொண்டு போய் விட்டாங்க, அது புரோகிராம்ல இல்லவே இல்ல. அம்மாவுக்கு லொரேத்தோ மாதா படம் ஒண்ணு வாங்கணும்னு ஆசை. எடுத்துப் பாத்தா இருட்டையெல்லாம் வெளுக்க வச்சு அடிச்சிருக்காங்க, பின்னாடி சுவர் சாம்பல், மாதாவோட கருஞ்செவப்பு உடுப்பு தக்காளி நிறம், அந்தக் குதிகால் மண்ணு எல்லாம் ஆரஞ்சு. நல்லாத் தெரியணும்னு பிரைட்னெஸ் ஏத்தினோம்னு கடைக்காரர் சொன்னார். காலையில பூரா இருட்டு ஏன் வேணும்னு சொல்லிக் குடுத்துட்டு, கடைசில அந்த இருட்டை எடுத்துட்டு விக்கற எடத்துல விடறது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. கைடு மேல தப்பில்ல, அவங்க முகத்துலயே தெரிஞ்சது. நாங்க வாங்கல.

சாயங்காலம் நாங்களே இல் ஜேசு கோயிலுக்குப் போனோம், டூர்ல கிடையாது, ஆனா இந்த டூர் போறவங்க அதே நாள் கட்டாயம் போங்க. சேசு சபையோட, அதாவது ஜெசுவிட் துறவிகளோட, தாய்க்கோயில். மேல கூரையில பாச்சிச்சோ 1676ல இருந்து 1679 வரைக்கும் வரைஞ்ச இயேசு நாமத்தோட வெற்றி. கரவாஜ்ஜோவுக்கு நேர் எதிர், இங்க வெளிச்சம் நட்ட நடுவுல இருக்கு, இயேசு பேரோட சுருக்கமான ஐஎச்எஸ்ங்கற மூணு எழுத்து தான் சூரியன், அதுல இருந்து தங்கமாக் கொட்டுது, பக்கத்துல இருக்கறவங்க வெளுத்து உருகிப் போறாங்க, தள்ளிப் போகப் போகக் கருத்து, கடைசில பாவிகள் சட்டத்தையே தாண்டி நம்ம தலை மேல விழறாங்க. அவங்க நிழலைக் கூட நெஜத் தங்கப் பூச்சு மேல கருப்பாத் தீட்டி வச்சிருக்கார். கழுத்து வலிக்காம பாக்கக் கீழ கண்ணாடி வச்சிருக்காங்க. அஞ்சரை மணிக்கு, அந்தச் சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் பீடத்துல பாட்டோட படம் கீழ இறங்கி பின்னாடி இருக்கற சுரூபம் தெரியும், அந்தப் பீடத்துத் தூண்ல பதிச்சிருக்கறது காலையில அம்மா கையில வச்சிருந்த அதே நீலக்கல்.

ஆனா அம்மா அதுக்கு நேர் எதிர்ப் பக்கம் போய் நின்னுட்டாங்க. அங்க சவேரியாரோட வலது முன்கை இருக்கு, பேழைக்குள்ள. 1542ல இருந்து நம்ம முத்துக்குளித்துறைக் கரையில ஊர் ஊரா நடந்து ஞானஸ்நானம் குடுத்த கை. எங்க பாட்டன் பூட்டனுக்கெல்லாம் அந்தக் கை வழியா வந்த பேரு தான். பாட்டு முடிஞ்சு கூட்டம் கலைஞ்ச அப்புறமும் அம்மா அங்க தான் நின்னாங்க.

போறவங்களுக்கு நாலு விஷயம். சில்லறைக் காசு நிறையக் கொண்டு போங்க, நோட்டை மாத்த கோயில்ல யாரும் இல்ல. தோளும் முட்டியும் மூடின துணி போடுங்க. மூணு கோயிலும் மதியம் சாத்திருவாங்க, அதனால காலை டூர் தான் எடுக்கணும். சிறு குழந்தைகளுக்கு ஒத்து வராது, நின்னுட்டே இருக்கணும். புக் பண்ணும் போதே எத்தனை பேர்னு மெயில்ல கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, கடைக்குக் கூட்டிட்டுப் போனா வாசல்லயே விடைபெற்றுட்டு சான்த் அகொஸ்தீனோ பக்கம் திரும்பி நடங்க, சாத்த இன்னும் நேரம் இருந்தா அந்த இருபது நிமிஷம் அங்க நிக்கலாம்.